கருமணலும் கரண்டும்

விளக்கு வந்த வழி: 11

போன இதழில் எடிசனின் கரி இழை பல்பு வரைக்கும் வந்து நின்றோம். இந்த இதழில் நியூயார்க்கை அங்கேயே விட்டுவிட்டு நெய்யூருக்கு வருகிறேன்.

நெய்யூரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தையை ஒட்டிக் கிடக்கும் ஊர். லண்டன் மிஷன் 1838-இல் தொடங்கிய மருத்துவமனையால் வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகமானது. இங்கிருந்து தெற்கே பஸ் ஏறினால் அரை மணிக்குள் மணவாளக்குறிச்சி. அங்கே கடல். கடற்கரை மணல் சில இடங்களில் வெள்ளை, சில இடங்களில் அடுப்புக்கரியைத் தூளாக்கிக் கொட்டியதுபோல் கறுப்பு. மழைக்காலத்து அலை அடித்து ஓய்ந்த பிறகு அந்தக் கறுப்பு இன்னும் திட்டுத்திட்டாகத் தெரியும். வெயிலில் செருப்பில்லாமல் அதில் நடந்து பார்த்தவர்களுக்கு அதன் சூடு மறக்காது.

நாங்கள் படித்த பள்ளிக்கூடத்து ஆய்வக மேசை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒரு பேட்டரி, ஒரு சாவி, டார்ச் லைட் பல்பு ஒன்று, நைக்ரோம் கம்பி சுற்றிய மின்தடை, புளியங்கொட்டை நிறத்தில் தட்டையாக இரண்டு கால் நீட்டிய மின்தேக்கி. சார் அதைக் கண்டென்சர் என்றுதான் சொல்வார். “லேய், கம்பி நுனியைச் சுரண்டாம முறுக்குனா கரண்டு எப்பிடிடே போவும்?” என்று அவர் அதட்டிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்த மேசையில் இருந்த எல்லாவற்றையும் மணவாளக்குறிச்சி மணலோடு முடிச்சுப்போட மாட்டேன். பேட்டரிக்கும் நைக்ரோம் கம்பிக்கும் அந்த மணலோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பல்புக்கும் கண்டென்சருக்கும் உறவு உண்டு. கடத்தி, கடத்தாப் பொருள் என்று புத்தகத்தில் இருந்த பாடத்துக்கும் உண்டு. அதை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பாடம் ஓமிலிருந்துதான் தொடங்கும். கியோர்க் ஓம் ஒரு பள்ளி வாத்தியார். ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் நடத்தியவர். அவர் காலத்து மின்கலம் நிலையாக நிற்காது, அளந்துகொண்டிருக்கும்போதே தளரும். அதனால் அவர் பிஸ்மத்தும் செம்பும் சேர்த்த வெப்ப இணையைப் பிடித்துக்கொண்டார். ஒரு முனை கொதிக்கும் தண்ணீரில், மறு முனை பனிக்கட்டியில். இரண்டு வெப்பநிலையும் மாறாது. ஆகவே மின்னழுத்தமும் மாறாது. பிறகு செம்புக் கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று குறித்துக்கொண்டார். 1827-இல் புத்தகமாக வந்தபோது சொந்த நாட்டில் வரவேற்பில்லை. வேலையையும் விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் கோப்லி பதக்கம் கொடுத்தபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

ஓமின் புத்தகம் வந்ததற்கு அடுத்த வருஷம், 1828. நாகர்கோவிலில் இருந்த சார்லஸ் மீட் பாதிரியார் நெய்யூருக்கு வந்து மேற்குப் பகுதி மிஷனைத் தொடங்கிய ஆண்டு அது. அதே ஆண்டில் சுவீடனில் பெர்சிலியஸ் என்ற வேதியியலாளர், நார்வேயிலிருந்து வந்த ஒரு கறுப்புக் கல்லில் புதுத் தனிமம் ஒன்றைக் கண்டார். இடி தெய்வமான தோர் பெயரால் அதற்குத் தோரியம் என்று பேர் வைத்தார். அந்தத் தனிமம் நெய்யூருக்குத் தெற்கே கடற்கரை முழுக்க இறைந்து கிடப்பது மீட்டுக்கும் தெரியாது, பெர்சிலியசுக்கும் தெரியாது. அடுத்த அறுபது ஆண்டுக்குத் தோரியத்தால் யாருக்கும் பெரிதாக ஒரு பயனும் இல்லை.

பயன் கண்டவர் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக். வியன்னாக்காரர், புன்சனின் மாணவர். பள்ளியில் புன்சன் பர்னர் பார்த்திருப்போமே, அதே புன்சன். அந்த பர்னரின் சுடர் நீலமாக எரியும். சூடு தரும், வெளிச்சம் தராது. வெளிச்சம் வேண்டுமென்றால் சுடருக்குள் ஒரு திடப்பொருள் இருந்து பழுக்க வேண்டும். வெல்ஸ்பாக் பருத்தித் துணியில் உறைபோல ஒரு வலை பின்னி, உலோக உப்புக் கரைசலில் நனைத்து, உலர்த்தி, சுடரில் பிடித்தார். துணி எரிந்து போனது; உப்பு ஆக்சைடாகி அதே வலை வடிவத்தில் நின்றது. முதல் காப்புரிமை 1885-இல். ஆனால் வெளிச்சம் பச்சையடித்தது, வலை பொடிப்பொடியானது, கம்பெனியும் படுத்தது. விடாமல் கலவையை மாற்றிக்கொண்டே இருந்து 1891-இல் சரியான அளவைப் பிடித்தார்: தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. தோரியம் சூட்டைத் தாங்கி நிற்கும், ஆனால் தனியாக நின்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அதிகம் வீசாது. அந்த ஒரு பங்கு சீரியம்தான் வெளிச்சம். சீரியத்தைக் கூட்டினாலும் விளக்கு மங்கும். சாம்பாரில் பெருங்காயம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுதான் நம் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில். ஊரில் காஸ் லைட் என்போம். கல்யாண வீடு, கோயில் கொடை, தெருக்கூத்து, இரவு மீன் ஏலம் எதுவும் அது இல்லாமல் நடந்ததில்லை. ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் கவுண்டமணி கடைக்கு வரும் செந்தில், இது எப்படி எரிகிறது என்று கேட்டு மேண்டிலைக் கையால் அமுக்கிப் பொடியாக்கும் காட்சியைப் பார்த்துச் சிரிக்காத தமிழர் இருக்க மாட்டார். செந்தில் கையில் பொடிந்தது துணி இல்லை. துணி முதல் தடவை பற்றவைத்தபோதே போய்விட்டது. மிச்சம் நின்றது தோரியம் ஆக்சைடின் எலும்புக்கூடு. ஊதினாலே உதிரும் அந்தக் கூடு ஆயிரத்துக்கும் மேலான டிகிரிச் சூட்டில் இரவெல்லாம் நிற்கும். செந்தில் கேட்ட கேள்வி உண்மையில் நல்ல இயற்பியல் கேள்வி. அதற்கு ஓர் அடிதான் பதிலாகக் கிடைத்தது.

மேண்டில் ஐரோப்பாவைப் பிடித்தவுடன் தோரியத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. அது மோனசைட் என்ற தாதுவில் இருக்கிறது. அமெரிக்காவின் கரோலினாப் பகுதியிலும் பிரேசில் கடற்கரையிலும் மோனசைட் கிடைத்தது. பிரேசில் மணலும் தோரியம் வியாபாரமும் சில கைகளுக்குள் அடங்கிக் கிடந்தன. விலையும் அவர்கள் வைத்ததுதான். வேறு ஊரில் மணல் கிடைக்காதா என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஷோம்பெர்க் வருகிறார்.

ஷோம்பெர்க் ஜெர்மானிய வேதியியலாளர். திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன கயிற்றில், சரியாகச் சுத்தம் செய்யாத தும்பில், மணல் ஒட்டியிருந்தது. தேங்காய்க் கதம்பலைக் காயல் தண்ணீரில் அழுகப்போட்டு, அடித்துத் தும்பாக்கி, கரையில் காயவைக்கிற ஊரில் தும்போடு மணல் வராமல் இருக்காது. வாங்கியவன் அதை உதறிவிட்டுப் போவான். ஷோம்பெர்க் அந்த மணலைச் சோதித்தார். ஆண்டு 1909. உள்ளே மோனசைட். கயிறு வந்த வழியைப் பிடித்துத் திரும்பி நடந்து வந்தவர் மணவாளக்குறிச்சி கரையில் வந்து நின்றார்.

இந்தக் கதையைச் சொல்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. தும்பு அடித்த பெண்களின் கால்விரல் இடுக்கில் எத்தனை தலைமுறை அந்த மணல் ஏறியிருக்கும்! கண்டுபிடித்தவர் பட்டியலில் ஷோம்பெர்க் ஒருவர்தான் இருக்கிறார். அதற்காக அவர் செய்ததைக் குறைத்தும் சொல்லக் கூடாது. உதிர்ந்த மணலைக் கூட்டித் தள்ளாமல் சோதனைக்கு எடுத்துப் போகத் தோன்றியது அவருக்குத்தான்.

1910-இல் மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. அடுத்து வடக்கே சவறையில் ஒன்று. இந்த மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு வரை இருந்தது; பிரேசில் மணலைவிட அதிகம். பிரேசிலின் பிடி தளர்ந்தது. நான்கே ஆண்டில் உலகப்போர் வந்தது. பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு உட்பட்ட ஒரு சமஸ்தானத்தில் ஜெர்மானியர் ஒருவர் ஆலை நடத்த முடியுமா? ஷோம்பெர்க்கைக் கைது செய்தார்கள். ஆலைகள் லண்டன் கம்பெனிக்காரர்கள் கைக்குப் போயின. ஆக, லண்டன் தெருக்களில் எரிந்த காஸ் விளக்குகளுக்கு இந்தக் கரையிலிருந்து சாம்பல் போனது. கரையில் இருந்தவர்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கும் தேங்காயெண்ணெய் விளக்கும்.

இப்போது மின்சாரத்துக்கு வருவோம். மேண்டிலைக் கொன்றது மின்சார பல்பு. கொலையில் பாதிப் பங்கு மேண்டிலைப் பெற்றவருக்கே உண்டு. அவர்தான் கரி இழைக்குப் பதிலாக உலோக இழை போட்டு, சந்தைக்கு ஏற்ற முதல் பல்பைச் செய்தவர். ஆஸ்மியம் என்ற உலோகத்தில் இழை. 1902-இல் விற்பனைக்கு வந்தது. ஆஸ்மியத்தின் பெயரையும், டங்ஸ்டனின் ஜெர்மன் பெயரான வோல்ஃப்ராமையும் ஒட்டிப் பிறந்ததுதான் ஓஸ்ராம் என்ற கம்பெனிப் பெயர். பெட்டிக்கடை சிகரெட் லைட்டரில் உரசினால் பொறி பறக்கும் கல்லும் அவர் செய்ததுதான். அதிலும் மோனசைட்டில் கிடைக்கும் சீரியம். ஒரு மனிதர் தன் தொழிலுக்கு எதிராளியையும் தானே தயாரித்து வைப்பது வரலாற்றில் அபூர்வம்.

ஆஸ்மியம் விலை அதிகம், சீக்கிரம் முறியும். அந்த இடத்தை டங்ஸ்டன் பிடித்தது. டங்ஸ்டனைக் கம்பியாக இழுக்கும் வித்தையை அமெரிக்காவில் கூலிட்ஜ் 1910 வாக்கில் கைக்குள் கொண்டுவந்தார். ஆனால் டங்ஸ்டன் இழை பழுக்கப் பழுக்க அதன் உள்ளே இருக்கும் படிகங்கள் வளர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, இழை அறுந்துவிடும். படிகங்களை வளரவிடாமல் நடுவே ஏதாவது ஆப்பு வைக்க வேண்டும். என்ன வைத்தார்கள் தெரியுமா? தோரியம் ஆக்சைடு. நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு. மேண்டிலிலிருந்து துரத்தப்பட்ட நம் மணல், துரத்திய பல்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

பல்பு இழையில் பின்னால் பொட்டாசியம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் அதற்குள் தோரியத்துக்கு இன்னொரு குணம் தெரிந்துவிட்டது. சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் ஆவிபோலக் கிளம்பும். தோரியம் கலந்த டங்ஸ்டனிலிருந்து, சுத்த டங்ஸ்டனைவிடப் பல நூறு டிகிரி குறைந்த சூட்டிலேயே அவை தாராளமாகக் கிளம்புகின்றன. இதைத் துலக்கியவர் இர்விங் லாங்மியூர். விளைவு, 1920-களின் ரேடியோ வால்வுகள் தோரியம் இழையோடு வந்தன. வால்வு ரேடியோ போய்விட்டது, தோரியம் போகவில்லை. இன்று வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருக்கும் மேக்னட்ரானின் இழை தோரியம் கலந்த டங்ஸ்டன்தான். ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறையில் நுனியில் சிவப்புச் சாயம் பூசிய டங்ஸ்டன் குச்சியைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு என்றால் இரண்டு சதவீதம் தோரியம். அதைச் சாணைக்கல்லில் கூர் சீவும்போது வரும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. தோரியம் கதிரியக்கம் உள்ளது. பட்டறைத் தம்பிகள் இந்த ஒரு வரியையாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பல்பு பற்றிப் பேசும்போது பள்ளிப் பாடத்தில் தவறவிடும் ஒரு சங்கதி. ஓம் விதிக்கு நேர்கோடு வரும் என்று சொல்லிக்கொடுத்து, கையில் பல்பைக் கொடுத்தால் கோடு வளையும். பையன் தான் தப்பாக அளந்துவிட்டதாக நினைத்து எண்களைத் திருத்தி நேர்கோடு போட்டுக் காட்டுவான், நானும் செய்திருக்கிறேன். 230 வோல்ட், 60 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை கணக்குப்படி 880 ஓமுக்குச் சற்று மேல். அணைத்து ஆறவிட்டு மீட்டரால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இழை சூடாகச் சூடாகத் தடை ஏறுகிறது. பல்பு பெரும்பாலும் ஸ்விட்சைப் போடும் நொடியில் ‘டப்’ என்று போவதற்கும் இதுதான் காரணம்: குளிர்ந்த இழைக்குள் அந்த முதல் நொடியில் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. வளைந்த கோடு பையனின் பிழையல்ல. ஓம் விதி சூடு மாறாத கம்பிக்குச் சொன்னது. 

சரி, நெய்யூருக்கு வெளிச்சம் எப்போது? எவரெஸ்ட் ஏற முயன்ற சாமர்வெல் டாக்டர் 1923-இல் நெய்யூர் மருத்துவமனையில் வந்து சேர்ந்தபோது திருவிதாங்கூரில் அரசு மின்சாரம் என்று ஒன்று கிடையாது. தேயிலைத் தோட்டத்துக் கம்பெனிக்காரர்கள் மூணாறு மலையில் தங்களுக்கென்று நீரில் மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். தலைநகரமான திருவனந்தபுரத்துக்கே 1929-இல்தான் மின் நிலையம் வந்தது. மேண்டில்காரர் வெல்ஸ்பாக் கண்ணை மூடியதும் அதே 1929-இல். பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் ஓடத் தொடங்கிய பிறகுதான் சமஸ்தானத்தில் கம்பி நீண்டது. எங்கள் பக்கத்துக் குக்கிராமங்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் காத்திருந்தன. பக்கத்துக் கோதையாற்றில் மின் நிலையம் வந்தது 1970-இல். உலகத்துக்கு வெளிச்சம் கொடுத்து அறுபது ஆண்டு கழித்து.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மணல் ஆலையில் என்ன நடக்கிறது?

கரையில் அள்ளும் மணலில் வெறும் மணலான குவார்ட்சும் உண்டு, கனமான தாதுக்களும் உண்டு. மேற்கு மலைப் பாறைகள் யுகயுகமாகச் சிதைந்து, வள்ளியாறு போன்ற ஆறுகளில் அடித்து வந்து, கடலில் சேர்ந்தவை. குவார்ட்சின் அடர்த்தி 2.65, கனத் தாதுக்கள் பலவற்றுக்கு 4, 5 என்று போகும். அலை ஏறும்போது எல்லாவற்றையும் தூக்கி வரும். இறங்கும்போது லேசானதை மட்டும் இழுத்துப் போகும். முறத்தில் அரிசி புடைப்பதுபோல் கடல் புடைத்து வைக்கிறது. ஆலைக்குள் போனதும் முதலில் தண்ணீரில் இதே வேலைதான். ஆனால் கனமானவற்றுக்குள் ஐந்தாறு சாதி உண்டு: இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், இன்னும் கார்னட், சில்லிமனைட். இவற்றில் பலவற்றின் அடர்த்தி ஒன்றுக்கொன்று அருகில். தண்ணீரால் பிரிக்க முடியாது.

அங்கேதான் ஒன்பதாம் வகுப்புப் பாடம் வந்து கைகொடுக்கிறது. மணலை ஈரம் துளிகூட இல்லாமல் சூடாக்கி, சுழலும் ஓர் இரும்பு உருளையின்மேல் மெல்லிய திரையாக விழவைப்பார்கள். உருளை பூமியோடு இணைக்கப்பட்டது. அதற்கு மேலே சற்றுத் தள்ளி மெல்லிய கம்பி ஒன்று, இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தத்தில். கம்பியைச் சுற்றிக் காற்றே மின்னேற்றம் கொண்டு, விழுகிற ஒவ்வொரு மணல் மணிமேலும் மின்சுமையைத் தெளிக்கிறது. கடத்தியான மணி என்ன செய்யும்? உருளையைத் தொட்ட கணத்தில் தன் சுமையை அதனிடம் இறக்கிவிட்டு, சுழலும் வேகத்தில் தூரத் தெறித்து விழும். கடத்தாத மணியால் சுமையை இறக்க முடியாது. சுமையோடு உருளையைப் பல்லிபோல் அப்பிக்கொண்டு கீழ்ப்பக்கம் வரைக்கும் சுற்றிவரும். ஒரு பிரஷ் அதைத் துடைத்துக் கீழே தள்ளும். தூரத்தில் ஒரு குவியல், அருகில் ஒரு குவியல். இல்மனைட்டும் ரூட்டைலும் தூரத்தில். சிர்க்கானும் மோனசைட்டும் அருகில்.

அடுத்து காந்தம். தூரக் குவியலைக் காந்தத்தில் காட்டினால் இல்மனைட் இழுபடும், ரூட்டைல் அசையாது. அருகுக் குவியலில் மோனசைட் வலுவான காந்தத்துக்கு இழுபடும், சிர்க்கான் அசையாது. இரண்டே கேள்விகள்: நீ கடத்தியா? காந்தத்துக்கு வருவாயா? இரண்டுக்கும் ஆம், இல்லை என்று பதில் வாங்கினால் நாலு பேரும் நாலு பக்கம் பிரிந்து நிற்பார்கள். சொல்வதுபோல் ஒரே வீச்சில் முடிவதில்லை. திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும், கார்னட்டும் சில்லிமனைட்டும் இடையில் புகுந்து தொல்லை கொடுக்கும். கடற்கரை ஊரில் ஈரக்காற்று பெரிய எதிரி. மணிமேல் ஈரம் படிந்தால் கடத்தாதவனும் கடத்தியாகிவிடுவான். அதனால்தான் அந்தச் சூடு. ஆனால் அடிப்படை அவ்வளவுதான். தலைவாரிய சீப்பால் காகிதத் துண்டை இழுத்துக் காட்டுவார்களே, அந்தப் பாடம் டன் கணக்கில் நடக்கிறது. நெய்யூர் வட்டாரத்துப் பள்ளிகளில் கடத்திக்கு உதாரணம் செம்பு, கடத்தாப் பொருளுக்கு உதாரணம் கண்ணாடி என்று எழுதிக்கொடுக்கிறோம். எட்டு கிலோமீட்டர் தள்ளி இல்மனைட்டும் சிர்க்கானும் ஒரே கைப்பிடிக்குள் அந்த உதாரணத்தை நடித்துக்காட்டிக்கொண்டிருக்கின்றன.

பிரித்த பிறகு எது எங்கே போகிறது? இல்மனைட்டையும் ரூட்டைலையும் பின்பற்றினால் அந்தப் புளியங்கொட்டை கண்டென்சருக்கு வந்து சேரலாம்.

இரண்டிலும் இருப்பது டைட்டானியம். அதன் ஆக்சைடு பளீரென்ற வெள்ளை. பெயின்ட், பிளாஸ்டிக், காகிதம் எல்லாவற்றிலும் வெள்ளை அதுதான். 1920-களில் அந்த வெள்ளைக்குத் தேவை ஏறியபோது, தோரியத்துக்காகத் தோண்டியபோது வேண்டாமென்று ஒதுக்கிய கறுப்பு இல்மனைட் திடீரெனச் சரக்காயிற்று. இரண்டாம் உலகப்போருக்கு முன்பு உலகச் சந்தைக்குப் போன இல்மனைட்டில் பெரும்பங்கு திருவிதாங்கூருடையது.

அதே ஆக்சைடை மின்தேக்கிக்குள் வைத்தால் வேறு ஒரு வித்தை காட்டும். மின்தேக்கி என்பது இரண்டு உலோகத் தகடு, நடுவில் கடத்தாப் பொருள் ஒன்று. அதிகச் சுமை தாங்க வேண்டுமானால் தகட்டைப் பெரிதாக்கலாம், இடைவெளியைக் குறைக்கலாம், அல்லது நடுப்பொருளை மாற்றலாம். நடுவில் காற்றுக்குப் பதில் அப்ரகத்தை வைத்தால் கொள்ளளவு ஐந்தாறு மடங்காகும். டைட்டானியம் ஆக்சைடைச் சுட்டு வைத்தால் சுமார் நூறு மடங்கு. கடத்தியென்று தூரக் குவியலில் விழுந்த ரூட்டைல் இங்கே எப்படிக் கடத்தாப் பொருளானது என்று கூர்மையான வாசகர் கேட்பார். கரையில் கிடைக்கும் மணியில் இரும்பும் வேறு கசடும் உண்டு, படிகத்தில் ஆக்சிஜன் குறையும் உண்டு. அவைதான் மின்சாரத்துக்கு வழிவிடுகின்றன. சுத்தம் செய்து சரியாகச் சுட்டால் வழி அடைபடும்.

போர்க்காலத்தில் கதை இன்னும் ஒரு படி ஏறியது. அதுவரை நல்ல மின்தேக்கி என்றால் அப்ரகம். நல்ல அப்ரகம் பெருமளவில் இந்தியாவிலிருந்து, அன்றைய பீகாரின் கோடர்மா பக்கமிருந்தும் நெல்லூர் கூடூரிலிருந்தும் போனது. கப்பல் வழி ஆபத்தானபோது மாற்றுத் தேடினார்கள். டைட்டானியம் ஆக்சைடோடு பேரியத்தைச் சேர்த்துச் சுட்டுப் பார்த்ததில் பேரியம் டைட்டனேட் பிறந்தது. அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான் மூன்று நாட்டிலும் தனித்தனியே, ஏறக்குறைய ஒரே நேரத்தில். கொள்ளளவு ஆயிரம் மடங்குக்கும் மேல். உங்கள் கைப்பேசிக்குள் எள்ளைவிடச் சின்னதாக நூற்றுக்கணக்கில் ஒட்டியிருப்பவை இந்தச் சாதிதான். வீட்டுச் சீலிங் ஃபேன் கண்டென்சர் இதில் சேராது. அதற்குள் இருப்பது பிளாஸ்டிக் படலம். இன்றைய கைப்பேசியில் உள்ள டைட்டானியம் நம் கரை மணல் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லவும் முடியாது. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் இன்று பெரிய வியாபாரிகள்.

அதே கைப்பேசியின் ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் நியோடிமியம். அதுவும் மோனசைட்டில் கிடைப்பது. 1885-இல் முதன்முதலில் பிரித்து எடுத்தவர் மறுபடியும் நம் மேண்டில்காரர்தான். பழைய ஹெட்போனை உடைத்து அந்தக் குட்டிக் காந்தத்தைக் கருமணலில் உருட்டிப் பாருங்கள். இல்மனைட் மணிகள் மீசை மீசையாக ஒட்டிக்கொள்ளும்.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரிவாகச் சொன்னால் தனித் தொடராகும். அணுகுண்டுக்குப் பிறகு தோரியம் அணுசக்திப் பொருளானது. 1947-இல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் தனித் திருவிதாங்கூர் கேட்டபோது அவர் கையில் இருந்த துருப்புச்சீட்டுகளில் மோனசைட்டும் ஒன்று. அது செல்லுபடியாகவில்லை. 1950-இல் இந்திய அரும்மண் நிறுவனம் தொடங்கியது. 1952-இல் ஆலுவாவில் மோனசைட்டைப் பதப்படுத்தும் ஆலை, 1955-இல் டிராம்பேயில் தோரியம் ஆலை. அங்கே தயாரித்த தோரியம் நைட்ரேட் எதற்குப் போனது தெரியுமா? மேண்டிலுக்கு! அணு விஞ்ஞானி ஹோமி பாபா கனவு கண்ட தோரிய அணு உலைகள் இன்னும் பெருமளவில் வரவில்லை. பக்கத்தில் கூடங்குளத்தில் எரிவது ரஷ்யாவிலிருந்து வரும் யுரேனியம். நம் மணலில் ஒரு மணிகூட அங்கே எரியவில்லை.

கரையில் இருப்பவர்களுக்கு இந்தப் பெருமையெல்லாம் சோறு போடாது. மணலை எடுத்தால் கடல் உள்ளே வருமா, கதிரியக்கம் என்ன செய்யும் என்று அவர்கள் கேட்கும் கேள்விகள் பழையவை. 2024-இல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது மீனவக் கிராமங்கள் திரண்டு எதிர்த்தன. கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. என் கட்சியைக் கேட்டால், நூறு ஆண்டுக்கு மேலாக இந்தக் கரை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இனி எடுக்க வருகிறவர்கள்தான் முதலில் கணக்குக் காட்ட வேண்டும்.

அடுத்த இதழில் பள்ளிவாசல். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். மணவாளக்குறிச்சி ஆலையில் பழைய நாளில் வேலை பார்த்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், இதைப் படித்தால் எழுதுங்கள். இல்மனைட், சிர்க்கான் என்பதெல்லாம் புத்தகப் பெயர்கள். உருளைக்கும், தெறித்து விழுந்த குவியலுக்கும், ஒட்டிக்கொண்டு வந்த குவியலுக்கும் தொழிலாளிகள் தங்களுக்குள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

(தொடரும்)